மூன்று முறை நனைத்த சாக்கு

சாமிகளா, நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்கிற ஒரு விஷயம் உண்டு. வெயிலில் கிடக்கிற எதன் மேலாவது, சைக்கிளோ இரும்புக் கதவோ எதுவானாலும் சரி, நீங்கள் தண்ணீர் ஊற்றப் போனால் நான் சாப்பாட்டை விட்டுக்கூட எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துவிடுகிறேன். "அப்பாவுக்குத் தண்ணியக் கண்டா பயம்" என்று சின்னவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பயமெல்லாம் இல்லை. காரணம் ஒன்று இருக்கிறது. வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத காலம். நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் லோடு ஏற்றினால் காலையில் பெங்களூரில் இறக்க வேண்டும். இறக்கியதும் காலி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வழியில் பஞ்சர், பிரேக் டவுன் என்று பகல் வெயிலில் முட்டையோடு மாட்டிக்கொண்டால், கோணிச்சாக்கை நனைத்து லோடின் மேல் போடுவோம். காய்ந்தால் மறுபடி நனைப்போம். முட்டை லாரிக்காரன் ஒவ்வொருவனும் செய்வதுதான். சீட்டுக்குப் பின்னால் நான்கு சாக்கு இல்லாமல் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள்.

அன்று சித்திரை மாதம். காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கிளீனர் தன் ஊருக்குப் போக வேண்டும் என்று சேலத்தில் இறங்கிவிட்டார். மல்லூர் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு வேன் அச்சு முறிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் உடைந்த மரப்பெட்டியின் பலகைகள். அவற்றுக்கு நடுவில் பெரிய டிரங்குப் பெட்டி அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி. முப்பது வயதுக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர், தன் தலையில் ஒன்றும் இல்லாமல், சட்டையைக் கழற்றிப் பெட்டிக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார். பனியன் முழுக்க வேர்வை.

வண்டியை ஓரம் கட்டினேன். "ஏனுங்க, பொட்டிக்குள்ள பொண்ணு கிண்ணு இருக்குதுங்களா? நீங்க வேகறீங்க, அது நெழல்ல நிக்குது?"

அவர் சிரிக்கவில்லை. "நாமக்கல் வரைக்கும் இதைக் கொண்டுபோகணும், டிரைவர். குலுங்கவே கூடாது. உங்க வண்டியில என்ன லோடு அடிப்பீங்க?"

"முட்டைங்க."

"எத்தனை உடையும்?"

"ரோடு ஒடச்சா உடையும். நான் ஒடச்சதில்லீங்க."

அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பெங்களூரில் வானத்து ஆராய்ச்சி செய்கிற இடத்தில் இன்ஜினியர் என்றார். பெட்டியைத் தெற்கே கேரளத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே இதைக் குலுக்கிப் பார்க்கிற ஒரு மெஷின் இருக்கிறது என்றார். குலுக்கிப் பார்க்கவே கொண்டுபோகிற பொருளை வழியில் குலுங்காமல் கொண்டுபோக வேண்டும் என்கிறாரே, நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டேன். வேன் டிரைவரும் ஒரு கை பிடித்தார். காலி அட்டைகளை மெத்தை மாதிரி அடுக்கி, பெட்டியை அதன் மேல் வைத்து, நான்கு பக்கமும் கயிறு கட்டித் தார்ப்பாயால் மூடினேன்.

"வெயில் மட்டும் படாம பாத்துக்கங்க" என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

ராசிபுரம் ரோடு பிரிகிற ஆண்டகளூர் கேட் வந்ததும் நிறுத்தச் சொன்னார். ராசிபுரம் போய் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டுப் பேச வேண்டும், நாமக்கல்லுக்கு வேறு வண்டி வரவழைக்க வேண்டும். ஊருக்குள் அன்று சந்தை. ரோடும் குண்டும் குழியும். பெட்டியை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று என்னையும் வண்டியையும் கேட்டிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினார்.

அங்கே இருந்தது ஒரே ஒரு புளியமரம். அதன் நிழல் முழுக்க ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ஒரு போர் ரிக் வண்டி நின்றது. என் வண்டி வெட்டவெளியில். பத்து நிமிஷம் கழித்துப் பின்னால் ஏறித் தார்ப்பாயை விலக்கினேன். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. பெட்டியைத் தொட்டேன், கை பொசுங்கியது. வெயில் படக் கூடாது என்றாரே, தார்ப்பாய்க்குள் வெந்துகொண்டிருக்கிறதே என்று பதறிப் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு சாக்கையும் தொட்டியில் முக்கி எடுத்துவந்து பெட்டியின் மேல் போட்டேன். கிணற்றுத் தண்ணீர், பனி மாதிரி இருந்தது. சாக்கைப் போட்ட இடத்தில் புஸ்ஸென்று ஆவி வந்தது. சாக்கு காய்ந்தது, நனைத்தேன். காய்ந்தது, மறுபடி நனைத்தேன். மூன்று முறை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் ஆச்சரியப்பட்டுப் போவார் என்று எண்ணிக்கொண்டேன்.

நான்காவது முறை நனைக்கச் சாக்கை எடுத்தபோது பஸ் வந்துவிட்டது. "வண்டி கிடைச்சிருச்சு! சாயங்காலம் கரூர்லருந்து ஜீப் வருது, கிளம்புங்க" என்று தூரத்திலிருந்தே கத்தினார். சாக்குகளை மூலையில் எறிந்துவிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடினேன். அவர் டயரில் கால் வைத்து ஏறி, தார்ப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"பரவாயில்லையே, சூடே இல்லை. நிழல் கிடைச்சதா?"

"பாத்துக்கிட்டனுங்க" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது பொய் இல்லை.

கேபினில் அவருக்குக் குஷி வந்துவிட்டது. கேட்கக் கேட்கச் சொன்னார். வானத்தில் எங்கிருந்தோ திடீரென்று ஒரு வெடிப்பு வருகிறதாம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், காமாக் கதிர் என்று பெயர். சில நொடி இருக்கும், அப்புறம் இல்லை. எங்காவது அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்க்க அனுப்பிய செயற்கைக்கோள்கள்தான் முதலில் இதைப் பிடித்தனவாம். குண்டு பூமியில் இல்லை, வானத்தில் வெடிக்கிறது! யார் வெடிக்கிறார்கள், எதற்கு வெடிக்கிறது, பக்கத்திலா, கோடானுகோடி மைலுக்கு அப்பாலா, ஒன்றும் தெரியாது என்றார்.

"இங்கிருந்தே பாக்க முடியாதுங்களா?"

"காத்து தடுத்துரும். நமக்கு நல்லதுதான், இல்லைன்னா உயிரோட இருக்க முடியாது. ஆனா பாக்கணும்னா காத்துக்கு மேல போயாகணும்."

"சரிங்க, எந்தப் பக்கம் வெடிச்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அதான் சில நொடியில போயிருதே."

அவர் இடது பக்கம் கொல்லிமலையைக் காட்டினார். "இங்க எங்கேயோ கல்குவாரியில வெடி வெக்கறாங்கன்னு வைங்க. எங்கன்னு தெரியாது. சேந்தமங்கலத்துல ஒரு டீக்கடைக்காரர், ராசிபுரத்துல ஒருத்தர், நாமக்கல்லுல ஒருத்தர். மூணு பேரும் சத்தம் கேட்ட நேரத்தைக் குறிச்சு வெச்சா?"

"மொதல்ல கேட்டவன் பக்கத்துலருக்கறான்."

"அவ்வளவுதான். யார் எவ்வளவு முந்தி, யார் எவ்வளவு பிந்தின்னு கணக்குப் போட்டா இடம் சிக்கும். டீக்கடைக்குப் பதிலா மேல தூரத் தூரமா செயற்கைக்கோள்."

"மூணு கடையிலயும் கடிகாரம் ஒரே மாதிரி ஓடணுமேங்க. எங்க மண்டிக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடும், மொதலாளி திருப்பி வெச்சுருவாரு."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான். "எங்க தலைவலியே அதுதான், டிரைவர்! நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு பிசகினாலும் இடம் எங்கேயோ போயிரும்."

பெட்டிக்குள் இரண்டு படிகக் கட்டிகள் இருக்கின்றனவாம், உப்புக் கட்டி மாதிரி. ஒன்று இந்தப் பக்கம் பார்க்கும், மற்றது அந்தப் பக்கம். காமாக் கதிர் பட்டால் கட்டிக்குள் ஒரு சின்னப் பொறி மின்னும். இருட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு குழாய் அந்தப் பொறியை எண்ணும். எந்தக் கட்டியில் பொறி அதிகமோ, வெடிப்பு அந்தப் பக்கம். முட்டையை இருட்டில் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போமே, அது மாதிரியா என்று கேட்டேன். ரொம்பச் சரி என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வானத்தைப் பார்க்கிற பெட்டியும் முட்டை மாதிரிதான்!

அந்த ஜோரில்தான் கேட்டேன். "அப்ப இது எதுக்குத்தான் பயப்படுங்க? வெயிலுக்கா?"

"வெயில் கூடப் பரவாயில்லை, மெதுவா ஏறும். சூடா இருக்கறப்ப திடீர்னு குளுந்து போகக் கூடாது. சூடான கண்ணாடி டம்ளர்ல பச்சைத்தண்ணி ஊத்தினா என்னாகும்? படிகம் விரிசல் விட்டுரும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்புறம் அந்தக் கண்ணு மங்கல்தான். கிழக்க வெடிச்சா மேற்கன்னு சொல்லும்."

புதுச்சத்திரம் வந்துகொண்டிருந்தது. நான் எறிந்த ஈரச் சாக்குகள் பின்னால் மூலையில்தான் கிடந்தன. அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான்கு வருஷ வேலை. செயற்கைக்கோளில் ஒரே ஒரு இடம்தான் காலி. அந்தக் குலுக்கல் மெஷினில் அவர்களுக்கு இந்த வாரம் முடிய முறை. விட்டால் வேறு ஒரு கோஷ்டியின் கருவி அந்த இடத்தில் ஏறிவிடும். நான் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தேன். இதோ சொல்கிறேன், அந்த மைல்கல் வரட்டும் சொல்கிறேன், இந்த பஸ் போகட்டும் சொல்கிறேன். மைல்கல் வந்தது, பஸ் போனது. நாமக்கல்லும் வந்துவிட்டது.

பயணியர் விடுதியில் பெட்டியை இறக்கினோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு குலுக்கல் இல்லை. முட்டை டிரைவர்னா முட்டை டிரைவர்தான்." நான் கையை உருவிக்கொண்டு, "வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டேன்.

மண்டியில் லோடு தயாராக இருந்தது. முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க ராசா! பொட்டி தூக்கற கம்பெனி ஆரம்பிச்சிட்டியாம்ல? நீ வர்ற வரைக்கும் கோழியெல்லாம் முட்டைய அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்குமா?"

எப்போதும் திருப்பி ஏதாவது சொல்வேன். அன்று நேரே லோடு பக்கம் போனேன். அட்டையைத் தூக்கினேன், வைத்தேன். எண்ணிக்கை மறந்தது, மறுபடி எண்ணினேன். தண்ணீர் குடிக்கப் போனேன், குடிக்காமல் வந்தேன். ஒன்றும் ஆகியிருக்காது, கனமான பெட்டி, உள்ளே பஞ்சு வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். சொன்னதை நானே நம்பவில்லை.

மூலையில் ஜன்னலைச் சாக்கால் மறைத்த இருட்டில் முட்டை பார்க்கிற அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு தகரப் பெட்டி, உள்ளே பல்பு, முட்டை அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் ஒவ்வொரு முட்டையாக வைத்து உருட்டிப் பார்ப்பார்.

"ஏஞ்சாமி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தறே? இங்க வா, இதப் பாரு" என்று ஒரு முட்டையை நீட்டினார். "கையில பாரு, நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதுக்கா."

அதை வெளிச்சத்தில் வைத்தார். சிவப்பாகத் தெரிந்த ஓட்டில் மயிர் மாதிரி ஒரு கோடு, மேலிருந்து பாதி வரை. "இதே பெங்களூர் போயி ஒடஞ்சுதுன்னு வெய்யி, வண்டி ஓட்டுனவன் தலையிலதான் உழுவும். இங்கயே ஒடஞ்சது யாருக்குத் தெரியும்?"

அக்காவின் தம்பி சைக்கிள் வெளியே நின்றது. கேட்காமல் எடுத்தேன்.

விடுதிக்குப் போனபோது கரூர் ஜீப் வந்து நின்றிருந்தது. பெட்டியை ஏற்றப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். "நில்லுங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "சாரு, கேட்டுல நீங்க போனப்ப, நான் ஈரச் சாக்கு போட்டனுங்க. பொட்டி மேல. மூணு வாட்டி நனச்சுப் போட்டனுங்க."

அவர் கிட்டே வந்தார். "ஏன்யா?" என்றார். மத்தியானத்திலிருந்து போட்டுப் பேசிய மரியாதை அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. "ஏன்யா போட்டே?"

"முட்டைக்குப் போடுவமுங்க."

"நான் கையை வெச்சுக் கேட்டேனே. பாத்துக்கிட்டேன்னு சொன்னியே!"

"அப்பத் தெரியலீங்க. தெரிஞ்சப்ப வாய் வரலீங்க."

அவர் திரும்பிப் போய்ச் சுவரில் ஒரு குத்து விட்டார். ஜீப்காரர்கள் என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பிறகு அவர் பெட்டியை உள்ளே தூக்கச் சொன்னார். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறதாம். ஆனால் பெட்டிக்குள் சூடு சமமாக வேண்டும், இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டு மணி நேரம் நான் உட்காரவில்லை. வராண்டாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன், வந்தேன். மலைக்கோட்டைப் பாறை சாய்ந்த வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மண்டியிலிருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டார். வருகிறேன் என்றேன், போகவில்லை. "கொஞ்சம் ஒரு இடத்துல நில்லேன்யா, எனக்குத் தலை சுத்துது" என்று உள்ளேயிருந்து இன்ஜினியர் சத்தம் போட்டார். நின்றேன்.

பிறகு பெட்டியில் ஒயரை மாட்டி ஒரு மீட்டரோடு சேர்த்தார். சட்டைப் பொத்தான் அளவு, அதே மாதிரிக் கதிரை லேசாக விடுகிற ஒரு வில்லையை ஈயச் சிமிழிலிருந்து எடுத்து, முதல் கட்டிக்கு நேரே வெளியே வைத்தார். முள் ஏறி ஓர் இடத்தில் நின்றது. எழுதிக்கொண்டார். அதே வில்லையை, அதே தூரத்தில், இரண்டாவது கட்டிக்கு நேரே வைத்தார். முள் ஏறியது. அந்த இடத்துக்கு வரவில்லை. கீழேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. நான்கு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எனக்கு மீட்டர் படிக்கத் தெரியாது. ஆனால் அது தெரிந்தது.

"போச்சுங்களா?"

"ஒரு கண்ணு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க சாக்கா, வேன் சாஞ்சப்ப விழுந்த அடியான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. இப்படியே போயிருந்தா மெஷின்ல குலுக்கி, அப்புறம் பாத்திருப்போம். அங்க உடைஞ்சதுன்னு நினைச்சு, இதோட கட்டுமானமே தப்புன்னு முடிவு பண்ணியிருப்பாங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஏன் திரும்ப வந்தீங்க?" என்றார். 'ங்க' திரும்பி வந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

"முட்டையில கோடு பாத்தனுங்க."

மாற்றுக் கட்டி ஒன்று பெங்களூரில் இருக்கிறதாம். மாற்றி எடுத்துக்கொண்டு வாரம் முடிவதற்குள் தெற்கே போய்ச் சேர முடியுமா என்று விரல் விட்டு எண்ணினார். ஜீப்பைக் கேரளத்துக்குப் போகத்தான் அனுப்பியிருந்தார்கள், பெங்களூருக்குப் போக ஜீப்காரருக்கு உத்தரவு இல்லை. மறுபடி டிரங்க் கால் போட்டு, ஆபீஸ் திறந்து, உத்தரவு வாங்கி...

"எங்க லோடு இன்னைக்குப் பெங்களூர்தானுங்க" என்றேன்.

மண்டியில் முதலாளி குதித்தார். "முட்டை நடுவால அலுமினியப் பொட்டியா? நாளைக்கு மாட்டையும் ஏத்துவியா?" இன்ஜினியர் அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குவாரி, டீக்கடை, கடிகாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி, கடைசில அந்த வெடி வெக்கறவன் யாருன்னு சொல்லவே இல்லையே?" என்றார். தெரியாது என்றார் இவர். "தெரியாதவனப் புடிக்கறதுக்கா இம்புட்டுப் பாடு? ஏத்துய்யா, ஏத்து" என்று எழுந்து போனார். அட்டைகளுக்கு நடுவில் குழி விட்டுப் பெட்டியை வைத்தோம். காலையில் பெங்களூரில் அவர் பெட்டியோடு இறங்கினார். என் விலாசத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்று உங்கள் அம்மா இன்றைக்கும் சொல்வாள். தபால்காரர் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். அவருக்கு அந்த இடம் கிடைத்ததா? நான்கு வருஷத்தை நான் ஒரு சாக்கால் மூடிவிட்டேனா? ஒவ்வொரு நடையிலும் கேட் வரும்போது ஆக்சிலேட்டரிலிருந்து கால் தானாக எழும், வண்டி மெதுவாகும்.

ஆடி மாதத்தில் ஒரு கார்டு வந்தது. நான்கே வரி. கட்டியை மாற்றினார்கள். கடைசி நாள் போய்ச் சேர்ந்தார்கள். இடம் கிடைத்தது. பழைய கட்டியைத் திறந்து பார்த்ததில் மயிரிழை விரிசல் இருந்தது, எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வருத்தப்பட வேண்டாம். அவ்வளவுதான். அது மேலே போனதா, வெடிப்பைக் கண்டதா, எந்தப் பக்கம் என்று சொன்னதா, எனக்குத் தெரியாது. அவர் அப்புறம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

வருத்தப்பட வேண்டாம் என்று எழுதிவிட்டார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது மட்டும் என்னை விடவில்லை.

அடுத்த சித்திரையில் காலி வண்டியோடு திரும்பும்போது, ஒரு நாள் கிளீனரைச் சேலத்திலேயே இறக்கிவிட்டேன். கேட்டில், அன்று நின்ற இடத்திலேயே வண்டியை நிறுத்தினேன். என் அலுமினியத் தூக்குவாளியை அலசி, மூடி, பெட்டி இருந்த இடத்தில் அட்டை மேல் வைத்துத் தார்ப்பாயை இழுத்து மூடினேன். அன்று மாதிரியே பத்து நிமிஷம் காத்திருந்தேன். பிறகு தோட்டத்துத் தொட்டியில் ஒரு சாக்கை முக்கி வந்து தூக்கின் மேல் போட்டு, சாக்குக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு எண்ணினேன். முதலில் கை சுட்டது. நாற்பதில் சூடு தெரியவில்லை. அறுபதுக்குள் விரல் சில்லென்றது. திடீரென்று குளிர்ந்து போகக் கூடாது என்று அவர் சொன்னது இதைத்தான்.

எண்ணுவதை நிறுத்தினேன். சாக்கைப் பிழிந்து, நான்காக மடித்து, சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.